மண்ணில் விளையாத வைரம்



பெக்கோக்கில் என் முன்னாள் மாணவி ஒருவர், நிச்சயதார்த்த மோதிரத்தில் ஆய்வுக்கூட வைரம் பதிக்கலாமா என வினவினார். அவர்தம் பாட்டியாருக்கு அது ‘போலிக் கல்’.

வரலாறு வேறு கூறுகிறது. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால், கரிமத்தைப் பேரழுத்தத்திலும் பெருவெப்பத்திலும் வைரமாக்கினார். அதுவும் கரிமப் படிகமே, போலியன்று. 2023-இல் இந்திய அரசு இவ்வாய்வுக்கெனச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டு நிதி ஒதுக்கியது.

சியேரா லியோனிலோ, 1991 முதல் 2002 வரை நீடித்த போரில், தோண்டியெடுத்த வைரங்கள் ஆயுதங்களாக மாறின. 2003-இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி சான்றிதழ், கிளர்ச்சிப் படைகளுக்கு நிதியளிக்கும் வைரத்தையே தடுக்கிறது. தோண்டுபவரின் கூலியை அது கேட்பதில்லை.

ஆய்வுக்கூட வைரமும் மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். ஆகவே, “எதனை வாங்கினும், எங்கே, எவ்வாறு, எவர் கையால் உருவானது என்று கேள்” என்றேன். பால்மரம் சீவிய கைகளின் வழிவந்த நாம் அதனைக் கேளாவிடில், வேறு யார் கேட்பார்?