எந்த ஊரில் தூக்கிலிடுவது?

2009ஆம் ஆண்டு மே மாதத்தின் மூன்றாவது வாரத்தில் நான் திண்டுக்கல்லில் இருந்தேன். பேருந்து நிலையத்தை ஒட்டிய நாளிதழ்க் கடையின் முன்னால் இருபது முப்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நந்திக்கடலோரம் கிடந்த உடலின் படம் எல்லா நாளிதழ்களிலும் முதற்பக்கத்தில் வந்திருந்தது. பெரியவர் ஒருவர் படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "முந்தாநாள் ஆம்புலன்ஸ்ல போகும்போது சுட்டோம்னான். இன்னைக்கு முகத்தை மழிச்சு முழுசாக் கெடக்குங்கிறான். எதை நம்ப?" என்று கேட்டுவிட்டு நாளிதழை மடித்து வைத்தார்.

அவருடைய கேள்வி மூடநம்பிக்கையில் பிறந்ததன்று என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. மே 18ஆம் தேதி இலங்கைத் தரப்பு அறிவித்த கதைப்படி, பிரபாகரன் ஆம்புலன்ஸ் வண்டியில் தப்ப முயன்றபோது கொல்லப்பட்டார். 19ஆம் தேதிக் கதையில் உடல் காயல் நீரோரம் கண்டெடுக்கப்பட்டது. அடையாளம் காட்டியவர்கள் கருணாவும் தயா மாஸ்டரும். இருவருமே அப்போது அரசின் பிடியிலோ அரசின் பக்கமோ இருந்தவர்கள். புலிகளின் வெளிநாட்டுப் பேச்சாளர் செல்வராசா பத்மநாதன் முதலில் மறுத்தார். 24ஆம் தேதி ஒப்புக்கொண்டார். இதற்கு இருபது ஆண்டுகள் முன்னர், 1989 ஜூலையிலும் பிரபாகரன் கொல்லப்பட்டதாக இந்திய நாளிதழ்களில் செய்தி வந்தது, அவர் உயிரோடிருந்தார். ஒருமுறை பொய்த்த செய்தியை மறுமுறை கேட்பவன் தயங்குவது இயல்பே. திண்டுக்கல்லுக்கு இதில் கூடுதல் நெருக்கம் உண்டு. 1980களின் நடுப்பகுதியில் புலிகளின் பயிற்சி முகாம் ஒன்று சிறுமலையில் இருந்தது. ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற மலை அது.

ஆனால் இந்தச் சமவெளிக்கு இதே கேள்வியோடு இருநூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1772 ஜூனில் காளையார்கோயிலில் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின் வேலுநாச்சியார் வந்து தங்கியது திண்டுக்கல் சீமையின் விருப்பாட்சியில். ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ள இந்தச் சிற்றூரின் பாளையக்காரர் கோபால நாயக்கர் அவருக்குப் புகலிடம் அளித்தார். சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரையே மாற்றிய நவாப் தரப்பு, அந்த அரசகுடும்பத்தின் கதை முடிந்தது என்றே நடந்துகொண்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1780இல், ஹைதர் அலியின் துணையோடு நாச்சியார் திரும்பிப் போனார். 'ஒழிந்தார்கள்' என்ற அறிவிப்புக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதை விருப்பாட்சிக்காரர்கள் அப்போதே கற்றிருப்பார்கள்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து திண்டுக்கல் கும்பினியின் கைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பாளையக்காரர் போர் மூண்டது. அதில் கும்பினி தளபதிகள் சந்தித்த சிக்கல்களில் ஒன்று நம் பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. பிடித்தவன் தேடியவன்தான் என்பதை எப்படி நிறுவுவது? நிழற்படம் இல்லாத காலம். கிளர்ச்சித் தலைவர்களின் முகத்தை நேரில் கண்டிருந்த வெள்ளையர் மிகச் சிலர். பெயர்களோ வழுக்கும். ஊமைத்துரை என்று நாம் சொல்கிறவரின் பெயர் குமாரசாமி; பின்தொடர்ந்தவர்கள் அவரைச் 'சாமி' என்றார்கள்; கும்பினிக் குறிப்புகளில் அவர் வெறும் 'ஊமை'.

1799 அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் பானர்மன் என்ன செய்தான் என்று பாருங்கள். கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையில். அங்கேயே முடித்திருக்கலாம். கயத்தாற்றுக்குக் கொண்டுவந்து, சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள் அனைவரையும் வரவழைத்து, அவர்கள் கண்முன் தூக்கிலிட்டான். அச்சுறுத்துவதற்காக என்று எழுதுவார்கள். அது உண்மையே. ஆனால் அச்சம் விளைய வேண்டுமானால் தொங்குகிறவன் கட்டபொம்மன்தான் என்ற உறுதி முதலில் வேண்டும். கூடியிருந்த பாளையக்காரர்கள் பார்வையாளர்கள் மட்டுமல்லர்; அடையாளச் சாட்சிகளும்கூட.

அந்த உறுதி எவ்வளவு தேவைப்பட்டது என்பதை ஊமைத்துரை காட்டினார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பினார். மே மாதம் அக்கோட்டை விழுந்தது. அப்போது நடந்ததை, அந்தப் போரில் கும்பினி அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். படுகாயமுற்ற ஊமைத்துரை களத்துப் பிணங்களுக்கிடையே கிடந்தார். தன் மகனைத் தேடிவந்த ஒரு தாய் அவனைக் கண்டாள். சாகும் நிலையில் இருந்த அம்மகன், தன்னை விட்டுவிட்டுச் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். அவள் அவரைத் தன் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டயபுரத்தார் தேடி வருவதைக் கண்டதும் பெண்கள் அவர்மேல் துணியைப் போர்த்தி ஒப்பாரி வைத்தார்கள். அம்மை போட்டு இறந்த பிள்ளை என்றார்கள். வந்தவர்கள் அம்மைக்கு அஞ்சி ஓடிப்போனார்கள்.

துணியை விலக்கி ஒருமுறை பார்த்திருந்தால் சரித்திரம் மாறியிருக்கும். சாவே ஒரு மாறுவேடமாக இருந்ததைக் கண்ட ஒரு சமூகம், அதற்குப் பின் வேறொரு சடலத்தைக் காட்டி 'இதோ அவன்' என்று அரசு சொல்லும்போது எப்படி உடனே நம்பும்?

காயம் ஆறிய ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோயில் வீழ்ந்ததும் மேற்கே திண்டுக்கல் மலைகளை நோக்கி வந்தார். கடைசியில் பிடிபட்டது இந்தச் சமவெளியில், வத்தலக்குண்டுப் பக்கம். ஆனால் அவரை இங்கே தூக்கிலிடவில்லை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் கொண்டுசென்று, 1801 நவம்பர் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிட்டார்கள். தப்பிப்பதில் கைதேர்ந்த ஒருவரை, வழியில் பறித்துச் செல்ல ஆள் இருக்கக்கூடிய ஒருவரை, ஏன் அவ்வளவு தூரம் நடத்த வேண்டும்? எனக்குத் தோன்றும் விடை இதுதான்: வத்தலக்குண்டில் அவர் முகத்தை அறிந்தவர் எவர்? இங்கே தொங்கியிருந்தால் பாஞ்சாலங்குறிச்சியில் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்.

இதே கணக்கை மற்ற மரணங்களிலும் காணலாம். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் தேதி தங்கள் சீமையிலேயே, திருப்பத்தூர்க் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்கள். கோபால நாயக்கரைத் திண்டுக்கல்லிலேயே, அவரை அறிந்த மக்கள் நடுவே தூக்கிலிட்டார்கள். அந்த இடமென்று ஊரார் காட்டும் குளத்துக்குக் கோபாலசமுத்திரம் என்று பெயர். (அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கோபாலன் யாரென்று கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) மக்கள் நம்பமாட்டார்கள் என்பதை ஆண்டவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள், தூக்குமரத்துக்கு இடம் தேர்ந்ததே அந்த ஐயத்தை மனத்திற்கொண்டுதான் என்பது என் ஊகம்.

பிற்காலத்தில் இந்தக் கவனம் குறைந்துவிட்டது. 1945 ஆகஸ்டில் தைவானில் விமான விபத்தில் சுபாஷ் சந்திர போஸ் இறந்தார் என்ற செய்தி வந்தபோது, காட்ட உடல் இல்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் போஸ் உயிரோடிருப்பதாகவே சொல்லிவந்தார். 1956இல் ஷா நவாஸ் குழு, 1970களில் கோஸ்லா ஆணையம், பிறகு முகர்ஜி ஆணையம் என மூன்று விசாரணைகள் நடந்தன. மூன்றாவது முதல் இரண்டையும் மறுத்தது; அரசு மூன்றாவதை ஏற்கவில்லை.

ஈராக்கில் நடந்தது இதைவிட விசித்திரம். அபு உமர் அல் பாக்தாதி கொல்லப்பட்டதாக 2007 மே மாதம் ஈராக் அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில், அப்படி ஒருவரே இல்லை, ஒரு நடிகரின் குரல்தான் அது என்றது அமெரிக்க இராணுவம். 2009இல் அவர் கைதானதாக ஈராக் அரசு சொன்னது. 2010 ஏப்ரலில் அவர் கொல்லப்பட்டதாக இரு தரப்பும் சேர்ந்து அறிவித்தன. இல்லாதவன், கைதானவன், இருமுறை இறந்தவன் எல்லாம் ஒருவனே!

ஐயம் ஆள்வோர்மீது மட்டும் பாய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் ராஜீவ் கொலை வழக்கிலிருந்து பிரபாகரனின் பெயரையும் பொட்டு அம்மானின் பெயரையும் நீக்கியது. இருந்தும் 2023 பிப்ரவரி 13ஆம் தேதி பழ. நெடுமாறன் தஞ்சையில், பிரபாகரன் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார். அதே ஆண்டு மாவீரர் நாளில், பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் திரையில் உரையாற்றினார். இம்முறை கண்ணருகில் வைத்துப் பார்த்தவர்கள் தமிழர்கள்தாம். செயற்கை நுண்ணறிவால் ஆனதா, வேறொரு பெண்ணா என்று விவாதித்தார்கள், நம்பியவர்கள் சிலரே. நாளிதழ்க் கடைப் பெரியவரின் கேள்வியேதான்; கேட்கப்படும் ஆள் மட்டும் மாறியிருந்தார்.

மீண்டும் வெல்ஷிடம் வருகிறேன். போருக்கு முந்தைய நாள்களில் சின்ன மருது அவருக்கு நண்பர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர். சின்ன மருதுவின் இளவயது மகன் துரைசாமியைத் தூக்கிலிடாமல், எழுபதுக்கும் மேற்பட்டோருடன் 1802இல் கடல் கடத்திப் பினாங்குத் தீவுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய முடிவைக் காண ஊரார் எவரும் இல்லை. 1818இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது, தளர்ந்துபோன முதியவரைப் போன்ற ஒருவர் அவர்முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. வந்தவர் தம் பெயரைச் சொன்னார்: துரைசாமி. அப்போது அவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருக்கும். ஊரில் எஞ்சியிருந்த உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோகும்படி கேட்டார். விதி இடந்தரவில்லை என்பதால் வெல்ஷ் அதை வாங்கிக்கொள்ளவில்லை.