ஒரு பெயர், இரு நிலை: ‘சபாபதி’ (1941) திரைப்படமும் சிலாங்கூர்த் தோட்டங்களும்

முன்னுரை

தமிழின் முதல் பேசும் படமாகக் கருதப்படும் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. அதனை அடுத்த பத்தாண்டுகளில் புராணக் கதைகளும் அடியார் வரலாறுகளுமே திரையில் மேலோங்கி நின்றன. அரண்மனையும் தேவலோகமும் அமைக்கப் பெரும்பொருள் தேவைப்பட்ட அக்காலத்தில், ஒரு செல்வர் வீடு, ஒரு பள்ளியறை, ஓர் இளந்தம்பதியர் என்னும் எளிய எல்லைக்குள் சிறு செலவில் உருவான காதல் நகைச்சுவைப் படம் ‘சபாபதி’. 1941 டிசம்பர் 14ஆம் நாள் வெளியான இப்படம் ஏவலையும் தமிழ்க் கல்வியையும் நகைப்புக்கு உரியனவாக்கிற்று. அதே ஆண்டில் சிலாங்கூர்த் தோட்டங்களில் இவ்விரண்டும் போராட்டக் கோரிக்கைகளாயின. இவ்வொற்றுமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேடையிலிருந்து திரைக்கு

‘சபாபதி’ பம்மல் சம்பந்த முதலியாரின் (1873–1964) நாடகம். 1891இல் அவர் தோற்றுவித்த சுகுண விலாச சபை, கற்றோரும் அலுவலரும் பங்குகொண்ட பயில்முறை நாடக அமைப்பாகும். இந்நாடகத்தை ஏ. வி. மெய்யப்பனும் ஏ. டி. கிருஷ்ணசாமியும் இணைந்து திரைப்படமாக இயக்கினர். தலைவனாக டி. ஆர். இராமச்சந்திரனும், மனைவி சிவகாமியாக ‘லக்ஸ்’ பத்மாவும், வேலைக்காரனாகக் காளி என். இரத்தினமும், தமிழாசிரியராகக் கே. சாரங்கபாணியும் நடித்தனர். கோவலன் நாடகத்தில் காளி வேடமேற்றுப் புகழ்பெற்றமையால் அடைமொழி பெற்ற இரத்தினம், பாலர் நாடகக் குழுவில் நடிகர்களைப் பயிற்றுவித்தவர். ஆகவே கற்றோர் மேடையும் தொழில்முறை மேடையும் இப்படத்தில் ஒன்றுசேர்ந்தன எனலாம்.

பெயரும் ஏவலும்

முதலாளி பெயரும் சபாபதி; வேலைக்காரன் பெயரும் சபாபதி. தலைவரின் பெயரை ஏவலர் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய சமூகத்தில் இஃது எளிய வேடிக்கையன்று. ஏவலனை அதட்டி அழைக்கும்போதெல்லாம் முதலாளி தன்னையே அதட்டிக்கொள்கிறான். மேலும், வேலைக்காரன் எந்தக் கட்டளையையும் மறுப்பதில்லை. சொன்ன சொல்லை அப்படியே நிறைவேற்றுகிறான். அதனாலேயே கட்டளை கேலிக்கிடமாகிறது. பள்ளித் தேர்வில் தவறித் தவறி நிற்கும் முதலாளியும் அறிவில் அவனைவிட மேம்பட்டவனல்லன். இருவரையும் பிரிப்பது பிறப்பும் செல்வமுமே என்பது நகைப்பினூடே புலப்படுகிறது. எனினும் படம் அந்நிலையைக் கலைப்பதில்லை. கற்ற மனைவியின் துணையால் முதலாளி தேறுகிறான். வேலைக்காரன் வேலைக்காரனாகவே நிற்கிறான்.

அதே ஆண்டில் சிலாங்கூர்

1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம், அசாம் ஜாவா அமைந்துள்ள கோல சிலாங்கூர் மாவட்டத்திற்கும் பரவியது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி ஆகியவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது. துரைமாரையோ தோட்ட அலுவலரையோ கடக்கும்போது தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதே அது. மே மாதத்தில் போராட்டத் தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். திரையில் ஏவலன் பணிந்துகொண்டே பணிவைக் கேலியாக்கினான். தோட்டத்தில் தொழிலாளி பணிவின் சின்னத்தையே மறுத்தான்.

தமிழாசிரியர் என்னும் உருவம்

படத்தில் மாணவனிடம் அல்லலுறும் தமிழாசிரியர் நகைப்புக்கு உரியவர். ஆங்கிலக் கல்வியே வாழ்வு தரும் என்று நம்பிய சென்னை நடுத்தர வகுப்பில் தமிழாசிரியர் பெற்றிருந்த தாழ்ந்த மதிப்பே அந்நகைப்பின் அடித்தளமாகும். ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வகை செய்தது. ஆயினும் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஆசிரியர் பணியையும் சேர்த்துப் பார்த்தனர். சென்னையில் மலிந்திருந்ததால் கேலிக்குள்ளான ஆசிரியர், சிலாங்கூரில் இல்லாமையால் கோரிக்கையானார். ஒரே மொழி பேசுவோரிடையே ஒரே ஆண்டில் நிலவிய இவ்வேறுபாடு கருதத்தக்கது.

அறுபட்ட கடல்வழி

1930களில் தமிழ்ப் பேசும் படங்கள் மலாயாத் திரையரங்குகளிலும் ஓடின. ஆயின் ‘சபாபதி’ வெளிவருவதற்கு ஆறு நாள் முன்னர், டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கிவிட்டனர். ஜனவரித் தொடக்கத்தில் அவர்கள் கோல சிலாங்கூர்க் கரையையும் நெருங்கினர். 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. சென்னையோடு இருந்த கடல்வழித் தொடர்பு அறுந்தமையால், தமிழகம் சிரித்த காலத்தில் அச்சிரிப்பில் பங்குகொள்ளும் வாய்ப்பு மலாயாத் தமிழருக்கு அமையவில்லை. தோட்டத் தொழிலாளர் பலர் பின்னர் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர்.

முடிவுரை

நகைச்சுவைப் படங்களைப் பொழுதுபோக்கென ஒதுக்குவது வரலாற்றாய்வுக்கு இழப்பாகும். எதைக் கண்டு அஞ்சாமல் சிரிக்க ஒரு சமூகம் துணிந்தது என்பதற்கு அவை சான்று பகர்கின்றன. அதே வேளையில், அச்சிரிப்பு யாருடைய வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்தது என்றும் வினவவேண்டும். வகுப்பறையில் ‘சபாபதி’யையும் 1941ஆம் ஆண்டுக் கோரிக்கைகளையும் அருகருகே வைத்துக் கற்பித்தால், தமிழாசிரியர் கேலிப்பொருளானதும் உரிமைப்பொருளானதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதை மாணவர் உணர்வர். தோட்டப் பள்ளிகள் பல இடம்பெயர்ந்துவிட்ட இந்நாளில் அவ்வுணர்வு இன்றியமையாதது.