பொறியியற் கல்வியும் தொடக்கப் பள்ளியும்

சென்னையில் நில அளவைப் பள்ளி தோன்றியது 1794ஆம் ஆண்டில். கிண்டிப் பொறியியற் கல்லூரிக்கு வேர் அதுவே. நம் மக்களின் பிள்ளைகட்கெனக் கர்னல் ஆல்காட் ஊரூரில் இலவசப் பள்ளி நிறுவியதோ 1894இல். இடையே நூறாண்டுகள். அக்காலமெல்லாம் ஏரிக்கரைக்கு மண் சுமந்தோரும் சாலைக்குக் கல் உடைத்தோரும் நம் முன்னோருள் பலர். அளவுச் சங்கிலியும் வரைபடமும் பிறர் கையிலிருந்தன. எண்ணும் எழுத்தும் காலத்தே கிட்டாமையே அதற்குக் காரணம்.

ஒருவர் பின்னாளில் எதைக் கற்பார் என்பதைப் பள்ளிப் பருவமே பெரிதும் முடிவு செய்கிறது. டாக்டர் அம்பேத்கரின் வாழ்வு இதற்குச் சான்று. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் போட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பெட்டிகள் தீட்டாகுமென்று பிற மாணவர் விரைந்தோடி அவற்றை அகற்றினர். சமஸ்கிருதம் பயில விரும்பிய அவர் பாரசீகம் பயில நேர்ந்தது. அத்தகைய மேதைக்கே விரும்பிய பாடம் மறுக்கப்பட்டதெனில், எளிய பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

தமிழ்நாட்டில் 1978இல் மேனிலைக் கல்வி தொடங்கியது. அதுமுதல், பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவை எடுத்தோர்க்கே பொறியியல் வாயில் பெரும்பாலும் திறக்கிறது. நுழைவுத் தேர்வு நீங்கியபின், 2007 முதல் மேனிலை மதிப்பெண்ணே சேர்க்கைக்கு அளவுகோலாயிற்று. மொத்தம் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பாதி கணிதத்திற்கே! ஐந்தாம் வகுப்பில் பின்னத்திலும் தசமத்திலும் தடுமாறி, ‘கணக்கு எனக்கு வராது’ என்றெண்ணிய சிறுவன், பதினாறாம் வயதில் கணிதப் பிரிவைத் தானே ஒதுக்குகிறான். அதனைப் பிள்ளையின் விருப்பம் என்று நாமும் எழுதிக்கொள்கிறோம். உண்மையில் அம்முடிவு ஆறாண்டுகட்கு முன்னரே நேர்ந்துவிட்டது.

அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடம் வழங்கும் சட்டம் 2021இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் பயின்றிருத்தல் வேண்டுமென்பது அதன் விதி. சட்டமும் இளமைக் கல்வியைக் கணக்கிற் கொண்டிருப்பது நோக்கத்தக்கது. எனினும் ஒதுக்கீடு இடத்தைத்தான் தரும். கணித அறிவை வகுப்பறையே தரவேண்டும்.

ஆதலின், பெற்றோரே! மேனிலை வகுப்பிற் பிரிவு கேட்கும் நாளில் மட்டும் பள்ளிக்கு வருதல் போதாது. பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போதே வாருங்கள். நீங்கள் எழுத்தறியாதவராயினும் தயங்காது, ‘என் பிள்ளைக்கு வகுத்தல் வருகிறதா?’ என ஆசிரியரை வினவுங்கள். வரவில்லையெனில் மீண்டும் கற்பிக்கச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை. விடையளிப்பது எங்கள் கடமை.