நான்கு கோமாளிகளும் நம் தோட்டத்துப் பேச்சும்

பிபிசி 2001இல் தொடங்கிய 'தி ஆஃபிஸ்' தொடரை நம் இளைஞர்கள் இப்போது போனில் தேடிப் பார்க்கிறார்கள். கதை நடப்பது ஒரு காகிதக் கம்பனியில். மேலாளர் வாயைத் திறந்தாலே சுற்றி இருப்பவர்களுக்குக் கூச்சம். அதே அறையில் டிம், வரவேற்பாளர் டோனை விரும்பியும் சொல்ல முடியாமல் தவிக்கிறான். 2003 கிறிஸ்மஸ் விசேட நிகழ்ச்சியில்தான் இருவரும் சேர்கிறார்கள். அந்தக் காதல் இல்லாவிட்டால் அது வெறும் கேலிக்கூத்தாகவே முடிந்திருக்கும்.

சிரிப்பையும் பாசத்தையும் கலக்கும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. 1970களில் இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' ஒலித்தது. அதில் நான்கு பேர், நான்கு தமிழ். மரிக்கார் பேசியது நம் முஸ்லிம் தமிழ். அப்புக்குட்டி யாழ்ப்பாணத்துத் தமிழ். உபாலி சிங்களவர் பேசும் தமிழ். ஐயர் பிராமணத் தமிழ்.

யார் யார் பேசினார்கள் என்பதுதான் விசேஷம். மரிக்காராக வந்த ராம்தாஸ் முஸ்லிம் அல்ல. ஐயராகப் பேசிய பி. எச். அப்துல் ஹமீட் முஸ்லிம். உபாலியாக வந்த செல்வசேகரன் தமிழர். அப்புக்குட்டி ரி. ராஜகோபால். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்காமல் அப்படிப் பேச முடியாது. நால்வரும் சமமாகத் தடுமாறியதால் யாரும் யாருக்கும் கீழே போகவில்லை.

1976இல் எஸ். ராமநாதன் இயக்கத்தில் 'கோமாளிகள்' படமாக வந்தது. நிஜ வாழ்விலும் தம்பதியான சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் அதில் இணைந்து நடித்தார்கள்.

ஆனால் அந்த நால்வரில் நம் தோட்டத்துத் தமிழ் இல்லை. 1975இல் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது. எழுதியவர் தெளிவத்தை ஜோசப். கோமாளிகளோடு ஐந்தாவதாக ஒரு கங்காணியோ, கொழுந்து பறிக்கும் அக்காவோ சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! பிரட்டுக்களத்திலும் மடுவத்திலும் பகிடிக்கும் குறைவில்லை, காதலுக்கும் குறைவில்லை.

இன்று நம் பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதும் பேச்சை மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே சிரிப்பவர்கள், கூடவே தடுமாறும் கோமாளிகள் அல்ல. மேலே நின்று சிரிப்பவர்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் பேச்சுக்கு மற்றவர்கள் சிரிக்கும்போது, நாம் கவனிக்க வேண்டியதும் இதைத்தான்.

ரேடியோவில் மரிக்காரைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களே, உங்கள் நினைவில் இருப்பதைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.