கண் ஊசியில் கலக்கும் மருந்தும் குளவிக்கொட்டும்

நல்லதண்ணியில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருந்த சிலரிடம் பேசினேன். கத்தியைவிட ஊசிக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். "கண்ணுக்குள்ளயே குத்துவாங்களாமே புள்ள?" என்று கேட்டார் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர். 2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை நீக்கியவர்களுக்குக் கிருமித்தொற்று ஏற்பட்டுச் சிலர் பார்வை இழந்த கதை இன்னும் லயங்களில் பேசப்படுகிறது. அப்போது சந்தேகம் எழுந்தது இறக்குமதியான பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தின் மீது. விறைப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஊசி கண்ணுக்குள் போவதில்லை. கண்கோளத்தைச் சுற்றியுள்ள கொழுப்பிலோ திசுவிலோதான் மருந்து விடப்படும். சீக்கிரம் விறைக்க வைக்கும் லிக்னோகெயினும், மெதுவாகத் தொடங்கி மணிக்கணக்கில் நிற்கும் பியூபிவகெயினும் வழக்கமானவை. இவற்றோடு வேறு சிலவும் சேர்க்கப்படுவதுண்டு.

அவற்றில் முக்கியமானது ஹயலுரோனிடேஸ் என்ற நொதியம். திசுக்களை ஒட்டிவைத்திருக்கும் பசை போன்ற ஹயலுரோனிக் அமிலத்தை இது தற்காலிகமாக உடைக்கிறது. மருந்து ஒரே இடத்தில் தேங்காமல் பரவுவதால் கண்ணை அசைக்கும் தசைகள் விரைவில் ஓய்கின்றன. 1940களின் இறுதியிலேயே கண் மருத்துவம் இதைக் கையிலெடுத்துவிட்டது. பின்னர் சில நாடுகளில் இதற்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில், சத்திரசிகிச்சைக்குப் பின் இரட்டைப் பார்வை ஏற்பட்டவர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதினார்கள். பரவாமல் தேங்கிய விறைப்பு மருந்து தசையைப் பாதித்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இந்த நொதியம் பெரும்பாலும் ஆடு, மாடுகளின் விதைகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. மனித வகையை ஆய்வுகூடத்தில் தயாரிப்பதும் உண்டு. அதன் விலை அதிகம்.

தோட்டத்து மக்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: குளவி, தேனீ விஷத்திலும் ஹயலுரோனிடேஸ் இருக்கிறது. விஷம் உடலில் பரவ உதவுவதும் அதுவே. கொழுந்து மலையில் குளவிக்கொட்டு வாங்காதவர்கள் குறைவு. வெறும் வீக்கத்தோடு போனவர்கள் பயப்படத் தேவையில்லை. ஆனால் மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்து வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் அதை ஊசிக்கு முன்பே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்த ஒவ்வாமை அரிது. வந்தால் கண்ணைச் சுற்றி வீங்கும், கண் முன்தள்ளும்; பார்ப்பதற்குக் கிருமித்தொற்று போலவே இருக்கும். பாட்டியிடம் கேட்டேன். இரண்டு தடவை கொட்டு வாங்கியவர், ஒருமுறை டிக்கோயாவில் தங்கியும் இருக்கிறார். "அத யாரும் கேக்கலயே" என்றார்.

அட்ரினலின் சேர்ப்பது இன்னொரு வழக்கம். 2 லட்சத்தில் 1 பங்கு போதும். இரத்தக்குழாய்கள் சுருங்கி விறைப்பு நீடிக்கும். ஆனால் இதய நோயாளிகளுக்கும், குளுக்கோமாவால் கண் நரம்பு ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கும் அதைத் தவிர்க்கவே பலர் விரும்புகிறார்கள். சோடியம் பைகார்பனேட் கலப்பது ஊசி ஏறும்போது வரும் எரிச்சலைக் குறைக்க.

இன்று நுண்துளை முறையில் செய்யப்படும் கண்புரைச் சிகிச்சைகள் பலவற்றுக்கு ஊசியே தேவைப்படுவதில்லை. சொட்டு மருந்து போதும். முற்றிப்போன புரையுடன் தாமதமாக வருபவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஊசி தேவைப்படுகிறது. தோட்டங்களிலிருந்து வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம்.