தூணும் காம்பராவும்: சப்பிரகமுவத் தோட்டங்களில் செந்நெறிக் கட்டடக்கலையின் இரு வாரிசுகள்

இலங்கையில் ஐரோப்பியச் செந்நெறிக் கட்டடக்கலை பெற்ற செல்வாக்கை ஆராய்வோர் பெரும்பாலும் கொழும்போடு நின்றுவிடுகின்றனர். 1757இல் ஒல்லாந்தர் கட்டிமுடித்த உல்வெண்டால் தேவாலயம், 1930இல் திறக்கப்பெற்ற பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் அயோனியத் தூண்வரிசை என்பவற்றோடு அவர்தம் பட்டியல் முற்றுப்பெறும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் அதில் இடம்பெறுவதில்லை. ஆயினும் நிலவுடைமையாளனின் வீடும் அந்நிலத்தில் உழைப்போரின் உறைவிடமும் ஒரே திட்டத்தின் இரு கூறுகளாய் அமைந்த நிலையைத் தலைநகரினும் தெளிவாகக் காட்டுவன இத்தோட்டங்களே.

முதலில் மேட்டிலுள்ள வீட்டை நோக்குவோம். பழைய துரை பங்களாக்கள் பலவற்றில் நடுவாயிலும், அதன் இருமருங்கும் ஒத்த அளவினவாகிய சாளரங்களும், வெப்பத்தைத் தணிக்கும் அகன்ற விறாந்தையும், அதனைத் தாங்கும் வெண்ணிறத் தூண்களும் காணப்படும். தூணின் உள்ளே செங்கல், மேலே சுண்ணச்சாந்து. செங்கல்லைச் சலவைக்கல்லாகத் தோன்றச் செய்யும் இவ்வுத்தியிற் சென்னைக் கொத்தர்கள் பெரும்புகழ் பெற்றிருந்தனர். 1802இல் அங்கு கிரேக்கக் கோயிலின் வடிவில் எழுப்பப்பெற்ற விருந்து மண்டபமே இன்று இராசாசி மண்டபம் என வழங்குவது. இதனைப் போலியென இகழ்வதற்கில்லை. கிரேக்கரின் கல்தூணே மரத்தூணின் போலிதான். கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுதிய உரோமக் கட்டடக்கலைஞன் விற்றுருவியஸ், டோரிக் கோயிலின் மேற்பகுதியிற் செதுக்கப்படும் மூவரிக் கற்கள் பண்டைய மரவிட்டங்களின் முனைகளை நினைவூட்டுவன என விளக்குகின்றான்.

கோயிலுக்குரிய தூண் வீட்டுக்கு வந்த கதை சுவையானது. பதினாறாம் நூற்றாண்டில் வெனிசு நகரப் பிரபுக்கள் உள்நாட்டு விளைநிலங்களில் முதலீடு செய்தபோது, அவர்களுக்குப் பண்ணைவீடுகள் அமைத்துக் கொடுத்தவன் பல்லாடியோ. தெய்வத்தின் இல்லம் மனிதனின் இல்லத்திலிருந்தே தோன்றியிருத்தல் வேண்டும் என அவன் ஊகித்தான். ஆகவே பண்டையோர் தம் வீடுகளுக்கும் கோயில் முகப்பு வைத்திருப்பர் என முடிவு செய்தான். ஊகம் பிழையாயினும் விளைவு பெரிது. நடுவே தூண்நிரையும் முக்கோண முகடும் கொண்ட உரிமையாளன் வீடு, இருபுறமும் சிறகென நீளும் களஞ்சியங்கள் என்பதே அவனது பண்ணைவீட்டின் அமைப்பு. 1570இல் வெளிவந்த அவனது நான்கு நூல்கள் இங்கிலாந்தையும், அங்கிருந்து அமெரிக்காவையும் மேற்கிந்தியத் தீவுகளையும் அடைந்தன. 1738இல் எர்க்கொலேனியத்திலும் 1748இல் பொம்பேயிலும் தொடங்கிய அகழ்வுகள் பழமையின்மீது புதிய வேட்கையை ஏற்படுத்த, புதுச் செந்நெறிப் பாணி உடையோர் யாவரின் பொதுமொழியாயிற்று. யமேக்காவின் கரும்புத் தோட்டத்திலும் அம்மொழியே பேசப்பட்டது. அங்கே களஞ்சியச் சிறகுகளுக்கு அப்பால் அடிமைகளின் குடியிருப்பு இருந்தது.

இலங்கைத் தோட்டத்தொழிலுக்கு இத்தொடர்பு தொலைவானதன்று. யமேக்காவிற் பயின்ற ஆர்.பி. டைற்லர் 1837இல் இங்கு வந்து மேற்கிந்திய முறைக் கோப்பிப் பயிர்ச்செய்கையை அறிமுகஞ்செய்தார். கோப்பி நோயால் அழிந்து தேயிலையும் பின்னர் இறப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. 1889இல் சப்பிரகமுவ தனி மாகாணமாயிற்று. 1912இல் ஒடுங்கிய புகையிரதப்பாதை இரத்தினபுரியை எட்டியது. பயிர்கள் மாறினும் மேட்டில் பங்களா, கீழே லயம் என்னும் அமைப்பு மாறவில்லை.

செந்நெறிக் காலத்தின் மற்றைய வாரிசு இந்த லயமே. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் இயற்றிய கொலுமெல்லா, தூண்களைவிட ஆட்களைப் பற்றியே மிகுதியும் கவலைப்பட்டவன். விலங்கிடப்படாத அடிமைகளின் சிற்றறைகள் நண்பகல் வெயில் புகுமாறு அமைதல் வேண்டும். விலங்கிட்டோருக்கு நிலவறை, அதன் சாளரங்கள் கைக்கெட்டா உயரத்தில் இருத்தல் வேண்டும். மேற்பார்வையாளன் வாயிலருகே தங்கிப் போவோர் வருவோரைக் கண்காணித்தல் வேண்டும் என அவன் விதிக்கின்றான். எருதுத் தொழுவத்தின் அகலம் பத்தடி, குறைந்தது ஒன்பதடி என்பதும் அவன் கணக்கே. சப்பிரகமுவ லயத்தில் ஒரு குடும்பத்துக்கு அளந்த அறை பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடியாகும். லயங்களை வரைந்தோர் கொலுமெல்லாவைக் கற்றனர் எனக் கொள்ளல் வேண்டா. குறைந்த செலவில் நிறைந்த ஆட்களை ஓரிடத்தில் நிறுத்திக் கண்காணிக்கும் தேவை எழுந்த இடமெல்லாம் அளவுகோல் தானே ஒத்துவிடுகின்றது.

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் லயத்தின் அறையைக் காம்பரா என்றனர். இது போர்த்துக்கேய மொழிவழி வந்த சொல். அதன் மூலம் இலத்தீனின் ‘கமெரா’, அதற்கும் முந்தியது கிரேக்கத்தின் ‘கமாரா’. வில்வளைவான கூரையுடைய மண்டபம் என்பதே அதன் பழம்பொருள். தகரக் கூரையின் கீழ் அச்சொல் வந்து சேர்ந்த விந்தையைச் சொல்லாராய்ச்சியாளர் கவனித்தல் நன்று. அறைக்கு முன்னுள்ள இஸ்தோப்போ ஒல்லாந்தர் சொல்லின் வழிவந்தது. பங்களாவின் தூணுக்குப் பாணிப்பெயர் சூட்டும் கலைவரலாறு, இச்சொற்களைத் தன் அகராதியிற் சேர்த்ததில்லை.

ஓரிடத்தில் மட்டும் பண்டையோர் விதி முற்றாகக் கைவிடப்பட்டது. கட்டுவதற்கு முன் நிலத்தின் நலத்தை ஆராய்க என விற்றுருவியசும் கொலுமெல்லாவும் ஒருமுகமாக வற்புறுத்துகின்றனர். சப்பிரகமுவவில் உறுதியான முகடு பங்களாவுக்கு ஆனது. லயங்கள் பல, பயிருக்குப் பயன்படாத சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் எழுந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. லயங்களின் இருப்பிடம் பெரிதும் மாறவில்லை. 2016 மே மாதப் பெருமழையில் கேகாலை மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியப் பகுதியிலுள்ள களுபான தோட்டத்தில் மண் சரிந்து லயத்தை மூடியது. அங்கு குடியிருந்தோர் பலர் மாண்டனர்.

எஞ்சிய லயங்களிற் குடும்பங்கள் பெருகவே, இஸ்தோப்பை மண்ணாலும் பலகையாலும் அடைத்துச் சமையலிடமும் படுக்கையிடமும் ஆக்கிக்கொண்டனர். அடைப்பின் நடுவே, கூரைவிளிம்பைத் தாங்கியபடி, பழைய மரக்கால்கள் சில இன்னும் நிற்கின்றன.