வீதப்பலிசை

ஏலச்சீட்டு ஒன்றில், தவணைதோறும் சீட்டை எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகையிலிருந்து நடத்துபவரின் தரகைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை உறுப்பினர் அனைவருக்கும் பங்கிட்டு அளிக்கும் தொகைக்குக் கேரளத்தில் வழங்கும் பெயர் வீதப்பலிசை. ஆங்கில நிதி இதழ்களிலும் சீட்டு நிறுவனங்களின் அறிக்கைகளிலும் இதுவே டிவிடெண்ட் என்று குறிப்பிடப்பட்டு வந்தது. கம்பெனிப் பங்குகளோடு மட்டுமே பரிச்சயமுள்ள வாசகர் அச்சொல்லைக் கண்டவுடன், எங்கோ ஒரு தொழில் நடைபெற்று, அதில் லாபம் ஈட்டப்பெற்று, அந்த லாபம் பகிரப்படுவதாக எண்ணிவிடுவது இயல்பே. வாஸ்தவத்தில் சீட்டில் அத்தகைய தொழில் எதுவும் நடைபெறுவதில்லை.

பலிசை என்பது மலையாளத்தில் வட்டியைக் குறிக்கும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளித்த பொன்னின்மேல் வரவேண்டிய வட்டி பலிசை என்றும் பொலிசை என்றும் பயின்று வருதலைக் காண்போர்க்கு, இது நம்மிடையே வழக்கொழிந்து அண்டை மொழியில் உயிர் வாழும் சொல் என்பது விளங்கும். சீட்டுக்குத் திருவிதாங்கூரில் சிட்டி என்றும், கொச்சியில் குறி என்றும் பெயர். ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ள சிட் என்ற சொல்லும் இந்நாட்டு மொழிகளிலிருந்து சென்றதே.

திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் இச்சொல்லின் நடைமுறைப் பொருளை எளிதில் அறியலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் தோற்றுவித்த இவ்வங்காடியில் தமிழ் பேசும் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கின்றனர். இத்தெருவிலேயே கடை நடத்தி, இத்தெருவின் மனிதர்களையே கதைகளாக்கிய ஆ. மாதவனைத் தமிழ் வாசகர் அறிவர். ஓணத்துக்கு முன், கர்க்கடக மாதத்து மந்தத்தில், சரக்கு பிடிப்பதற்குக் கையில் ரொக்கம் இன்றித் தவிக்கும் சில்லறை வியாபாரி, ஈடு கேட்டு இழுத்தடிக்கும் வங்கியையும், கழுத்தை நெரிக்கும் வட்டிக்காரரையும் விடுத்துச் சிட்டியை நாடுவது அவ்வியாபார வாழ்க்கைக்குப் பொருந்திய ஏற்பாடாகும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் பொருள் தெளிவாகும். இருபத்தைந்து பேர் மாதம் 4,000 ரூபாய் வீதம் இருபத்தைந்து மாதம் கட்டும் சிட்டியின் மொத்தத் தொகை, கேரள வழக்கில் சல, ஒரு லட்சம். ஏலத்தன்று ஒருவர் 30,000 ரூபாய் தள்ளி எடுத்தாரானால் அவர் கைக்கு வருவது 70,000. தள்ளிய தொகையிலிருந்து, மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதமான 5,000 ரூபாய் நடத்துபவரின் தரகாகப் போகும். மிச்சமுள்ள 25,000 ரூபாய் இருபத்தைந்து பேருக்குத் தலைக்கு 1,000 ரூபாய் ஆகும். இதுவே வீதப்பலிசை. இது ரொக்கமாகக் கைக்கு வராது. அடுத்த தவணையில் கழிக்கப்பெற்று, 4,000 கட்டவேண்டியவர் 3,000 கட்டினால் போதும் என்றாகும். தள்ளுவதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆதலால், பணமுடை மிகுந்த தொடக்க மாதங்களில் பலர் ஒருங்கே அவ்வரம்பைத் தொட்டுவிட, நறுக்கு எழுதிக் குலுக்கி ஒருவரைத் தேர்வது வழக்கம்.

ஆகவே, அந்த 1,000 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று வினவினால், அவசரப்பட்டவனின் முடையிலிருந்து வந்தது என்பதே விடை. பொறுத்திருப்பவர் பெறுவது, முன்னதாக எடுத்தவர் செலுத்திய வட்டியே. நிறுவனம் எதையும் ஈட்டிக் கொடுப்பதில்லை. நம்மவர் இட்ட பலிசை என்ற பெயர் இவ்வுண்மையை மறைக்கவில்லை. டிவிடெண்ட் என்ற ஆங்கிலப் பெயர் மறைத்தது என்பதே இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

சட்டமும் இறுதியில் அதனை ஒப்புக்கொண்டது. திருவிதாங்கூரில் கொல்லம் 1120ஆம் ஆண்டுச் சட்டமும் கொச்சியில் 1107ஆம் ஆண்டுச் சட்டமும் தனித்தனியே ஆண்டுவந்த நிலையை மாற்றி, 1975இல் கேரளம் முழுமைக்கும் ஒரே சட்டம் இயற்றப்பெற்றது. 1982இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சிட் ஃபண்ட் சட்டம் 2012 ஏப்ரலில் அங்கு நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் 2019இல் திருத்தப்பெற்றபோது, டிவிடெண்ட் என்றிருந்த இடத்தில் தள்ளுபடியில் பங்கு என்னும் பொருள்படும் தொடர் அமைந்தது. பிரைஸ் தொகை என்றிருந்தது நிகரச் சீட்டுத் தொகையாயிற்று. தரகின் உச்சவரம்பு ஐந்திலிருந்து ஏழு விழுக்காடாக உயர்ந்ததும் அப்போதே.

பிரைஸ் என்ற சொல்லை நீக்கியதற்குக் காரணம் உண்டு. 1978ஆம் ஆண்டுச் சட்டம் பிரைஸ் சிட் என்னும் பரிசுச்சீட்டுத் திட்டங்களை அடியோடு தடைசெய்திருக்க, முறையாகப் பதிவுபெற்ற ஏலச்சீட்டிலும் அதே பரிசு என்ற சொல் புழங்கியது பாமரரை மட்டுமன்றிப் பத்திரிகையாளரையும் குழப்பியது. 2013இல் வங்காளத்தில் சாரதா குழுமம் வீழ்ந்தபோது நாடெங்கும் நாளேடுகள் அதனைச் சிட் ஃபண்ட் மோசடி என்றே எழுதின. அக்குழுமம் நடத்தியது ஏலமும் இல்லாத, வீதப்பலிசையும் இல்லாத, பொதுமக்களிடம் பணம் திரட்டும் வேறொரு திட்டம். அந்தப் பழி நேர்மையாக நடந்த சீட்டுகளின் மேலும் படிந்தது. இதற்கு மாறாக, 1969 நவம்பரில் இரண்டு லட்ச ரூபாய் மூலதனத்தோடு திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு கேரள அரசே தொடங்கிய நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. இன்றளவும் சிட்டியையே பிரதான வியவகாரமாகக் கொண்டுள்ளது.

மானிடவியலார் இத்தகைய அமைப்புகளைச் சுழற்கடன் சங்கங்கள் என வகைப்படுத்துவர். கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1962இல் எழுதிய ஆய்வுரைக்குப் பின் இது உலக அளவில் ஆராயப்படும் பொருளாயிற்று. ஆயினும் ஏலத்தின் வழியாக வட்டி தன்னைத்தானே நிர்ணயித்துக்கொள்ளும் நுட்பம் எல்லா நாட்டுச் சீட்டிலும் காணப்படுவதில்லை; குலுக்கல் சீட்டில் வீதப்பலிசைக்கே இடமில்லை.

சீட்டில் சேருமுன் வீதப்பலிசை எவ்வளவு கிடைக்கும் என்று வினவுவோர் பலர். அதனை எவரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒவ்வொரு மாத ஏலமுமே அதைத் தீர்மானிக்கிறது. மாதந்தோறும் இன்ன தொகை உறுதி என்று வாக்களிப்பவர் நடத்துவது சிட்டி அன்று. சட்டப்படி, சீட்டைத் தொடங்குமுன் அரசின் முன்னனுமதி பெறுவதும், சீட்டுத் தொகைக்கு ஈடான பிணை கட்டுவதும் நடத்துபவரின் கடமை. வாசகர் முதலில் கேட்டுப் பார்க்கவேண்டியவை அவ்விரண்டின் ஆவணங்களே.